முட்டி வலிக்கு முதல் மருந்து

சாலாக் செலாத்தான் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கி பழுதான நாளில், படிக்கட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காய்கறிப் பையுடன் ஏறும் தாய்மார்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முழங்காலைத் தடவிக்கொள்வார்கள். "என்னக்கா, முட்டியா?" என்று கேட்டால், "வயசாச்சும்மா, வாதம். இனி இப்படித்தான்" என்று பதில் வரும்.

இந்தப் பதிலை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். இது பாதிதான் உண்மை. வயதும் ஒரு காரணம்தான். ஆனால் வயதை யாராலும் குறைக்க முடியாது. நம்மால் குறைக்கக்கூடிய காரணம் இன்னொன்று இருக்கிறது. அதுதான் உடல் எடை.

நான்கு மடங்குக் கணக்கு

முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க, அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேயத் தேய வலியும் இறுக்கமும் வருகின்றன. இதைத்தான் மூட்டுத் தேய்வு என்கிறோம்.

நடக்கும்போது முழங்கால் தாங்குவது தராசு காட்டும் எடையை மட்டுமல்ல, அதைப்போல் பல மடங்கு. படி ஏறும்போது பாரம் இன்னும் கூடும். 2005ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தவருக்கு 20 கிலோ பாரம் இறங்குகிறது. இரண்டு 10 கிலோ அரிசிப் பைகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நடப்பதாக எண்ணிப் பாருங்கள்!

பாரம் மட்டுமல்ல, உடம்பில் சேரும் கொழுப்பும் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. உடம்பைச் சுமக்காத கைவிரல் மூட்டுகளும் பருமனானவர்களுக்கு அதிகமாகத் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டம் போனது, சாப்பாடு மாறவில்லை

நம் பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள். நிரை பிடித்து நூற்றுக்கணக்கான பால் மரங்களைச் சுற்றி வந்து, குனிந்து சீவி, காண்டா வாளியில் பால் சுமந்தவர்கள். தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாலும், அந்த உழைப்பில் அது கரைந்தது. ஆனால் குந்தி எழுந்தும் பாரம் சுமந்தும் அவர்களுடைய முழங்கால்கள் அப்போதே பாதி உழைத்து ஓய்ந்துவிட்டன.

பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீட்டை விட்டுப் பட்டணத்துக்கு வந்தோம். காவல் வேலை, தொழிற்சாலை வேலை என்று வேலை மாறியது. சோற்றின் அளவு மாறவில்லை. காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குக் கெட்டிப்பால் தேநீர், இரவில் மறுபடியும் சோறு. இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களிலும் பலர் வேலைக்காட்டுக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறார்கள்.

2019ல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருப்பது தெரிந்தது. இந்தியர்களில் இது 100க்கு ஏறக்குறைய 64 பேர். முட்டி வலித்தால் நடையை நிறுத்துகிறோம். நடை நின்றால் எடை ஏறுகிறது. எடை ஏறினால் வலி கூடுகிறது. கூடவே இனிப்புநீரும் வந்து சேருகிறது. இந்தச் சுழலை அறுக்க வேண்டாமா?

கொஞ்சம் குறைத்தாலே போதும்

பயப்படாதீர்கள். ஒல்லியாக வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. ஃபிராமிங்காம் என்ற அமெரிக்க ஊரில் நடந்த புகழ்பெற்ற ஆய்வின் முடிவு 1992ல் வெளிவந்தது. பத்தாண்டுகளில் சுமார் 5 கிலோ குறைத்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்வு வரும் அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் சில மாதங்களில் 4 கிலோ குறைத்தாலே நல்ல தொடக்கம்.

சாப்பாட்டில்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். அமைச்சு சொல்லும் 'சுகு சுகு செப்பாரோ' இதுதான். கடையில் 'தே ஓ கோசோங்' கேட்டுப் பழகுங்கள்.

நடையில்: ஒரேயடியாக முடியாவிட்டால், சமதரையில் பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை நடங்கள்.

பயிற்சியில்: நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைத் தசை வலுத்தால் முட்டியின் பாரத்தை அது பகிர்ந்துகொள்ளும்.

இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை

இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்று பாசார் மாலாமில் விற்கும் மாத்திரை, ஜாமு வகைகளை நம்பாதீர்கள். பதிவில்லாத இத்தகைய மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். வலி மறையும், பிறகு முகம் உப்பும், எடையும் இனிப்புநீரும் ஏறும். ஏற்கெனவே நெடுநாளாகச் சாப்பிட்டு வந்தால், திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருந்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் தளராவிட்டாலும் அது வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். தேவையென்றால் அவர்களே எலும்பு மூட்டு நிபுணரிடம் அனுப்புவார்கள்.

வீட்டில் அம்மாவுக்கு முட்டி வலி என்றால், தைலம் வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிந்ததென்று நினைக்காதீர்கள். மாலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். உங்கள் தட்டிலும் சோற்றைக் குறையுங்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் அம்மாவும் செய்வார். நாளைக்கென்று தள்ளிப் போடாமல், இன்று மாலையே தொடங்குங்கள்.