குடம் சுமந்தவர்கள் கண்டுபிடித்த உண்மை... பிளாச்சிமடா பெண்கள்!

கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனால் முதலில் யாருக்குத் தெரியும்? அதில் தினமும் உலை வைப்பவருக்குத்தான்!

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் இருக்கும் ஊர் பிளாச்சிமடா. 2000-ம் ஆண்டு இங்கே கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை நிலத்தடி நீரை உறிஞ்ச, கிணறுகள் வற்றுவதாகவும், மிஞ்சிய நீர் குடிக்கவோ சமைக்கவோ உதவவில்லை என்றும் ஊர்ப் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். நல்ல தண்ணீர் தேடித் தொலைதூரம் நடந்ததும் அவர்களே. நடந்த நேரத்தில் கூலி வேலை போனது. அது எந்தக் கணக்கிலும் வராத நஷ்டம்.

2002 ஏப்ரல் 22-ம் தேதி ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. பழங்குடித் தலைவர் சி.கே.ஜானு தொடங்கி வைத்தார். போராட்டத்தின் முகமாக மாறியவர், எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. கணவரை இழந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். தண்ணீரைப் பற்றி அவரிடம் இருந்தது அன்றாட அனுபவம் மட்டுமே.

2003-ல் பெருமாட்டி ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மயிலம்மா 2007-ல் காலமானார்.

கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010-ல் மதிப்பிட்ட இழப்பு, சுமார் 216 கோடி ரூபாய். இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதா 2011-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

தண்ணீர் சுமப்பது பெண்களின் வேலை என்கிறோம். அப்படியானால், தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்திலும் அவர்களுக்குத்தானே முதல் நாற்காலி?