உங்களுக்குத் தெரியுமா? – ஹாஸ்டல் பந்தியும் எட்டயபுரத்துப் பிள்ளைகளும்

1897 ஜனவரியில் எட்டயபுரம் ஜமீனுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மேற்படிப்புக்குப் பண உதவி வேண்டும் என்று கேட்டவருக்கு வயது பதினான்கு. விண்ணப்பம் முழுவதும் செய்யுள். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன்தான் சுப்பிரமணிய பாரதி. கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பி, சர்வர் படுத்துவிட்டது என்று புலம்பும் இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். யாப்பு தெரியாததால் தப்பித்தோம் என்பார்கள்.

அதே பாரதி, பின்னாளில் எழுதிய சுயசரிதைப் பாட்டில் திருநெல்வேலியில் படித்த ஆங்கிலப் படிப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார். அப்பாவுக்குச் செலவு, தனக்குக் கேடு, நன்மை துளியும் இல்லை என்பது அவர் போட்ட கணக்கு.

*

1898இல் தந்தை இறந்ததும் பாரதி காசிக்குப் போனார். அந்த ஆண்டு ஜூலையில்தான் அன்னி பெசன்ட் அங்கே மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். 1916இல் எழுந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் வித்து. ஆயிரக்கணக்கான மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. பாரதிக்கு அங்கே விடுதி வாசம் இல்லை. அனுமான் கட்டத்தில் அத்தை குப்பம்மாள் வீட்டில் சாப்பாடும் படுக்கையும் கிடைத்துவிட்டன. 2021 செப்டம்பரில், அவர் மறைந்து நூறாண்டு ஆனபோது, அந்தப் பல்கலைக்கழகத்தில் பாரதி பெயரில் தமிழ் ஆய்வு இருக்கை அறிவிக்கப்பட்டது.

*

எட்டயபுரத்துக்கு இரண்டு பாரதிகள் உண்டு. இரண்டாமவர் ச. சோமசுந்தர பாரதி. 1879இல் அதே ஊரில் பிறந்தவர், சுப்பிரமணிய பாரதிக்குச் சிறுவயது நண்பர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்து, தூத்துக்குடியில் வக்கீலாகக் கொடிகட்டிப் பறந்தார். ஐம்பது வயது தாண்டிய பிறகு கோர்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, 1933இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகச் சிதம்பரம் போனார். 1938 வரை அங்கே இருந்தார். சம்பளக் கணக்குப் பார்த்தால் யாரும் எடுக்காத முடிவு.

அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த ராமகிருஷ்ண மடத்துத் துறவி. பாரதியைப் பண்டிதர்கள் பலர் கவிஞராகவே மதிக்காத 1931–33 காலத்தில், அண்ணாமலை நகர் மாணவர்களிடம் பாரதி பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஆக, பாரதியைக் கொண்டாடிய துறவி எழுந்துபோன இடத்தில் பாரதியோடு விளையாடித் திரிந்தவரே வந்து உட்கார்ந்தார். நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

*

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய கதை 1920இல் ஆரம்பிக்கிறது. செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பிறகு வந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல் முதல்வர் யார் தெரியுமா? உ.வே. சாமிநாதையர். 1924 முதல் 1927 வரை. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவரை மூன்று வருடம் ஓர் இடத்தில் கட்டிப்போட்ட பெருமை சிதம்பரத்துக்கு.

செட்டியார் தம் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1929இல் பல்கலைக்கழகம் பிறந்தது. அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம் எங்கெங்கோ இருந்த கல்லூரிகளைத் தன் குடையின் கீழ் வைத்துத் தேர்வு நடத்தியது. அண்ணாமலை வேறு வகை. அன்று அதற்குக் கிளைக் கல்லூரி கிடையாது. ஒரே வளாகம், அங்கேயே பாடம், அங்கேயே விடுதி, அங்கேயே பேராசிரியர் வீடு. ஊரும் கோயிலும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழகம் இந்தப் பக்கம். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1929 முதல் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை இருந்தவை இந்த இரண்டு பல்கலைக்கழகங்கள்தாம். நம் நெல்லைச் சீமைக்கு முறை வர 1990 ஆயிற்று. அந்த ஆண்டில்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அதுவரை கரிசல் காட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கிற ஆசை வந்தால் டிரங்குப் பெட்டியோடு ரயிலேற வேண்டியதுதான்.

*

நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் தமிழ் எம்.ஏ. படித்தது அண்ணாமலை நகரில். பின்னாளில் ஒருவர் பெயருக்கு முன் ‘நாவலர்’, இன்னொருவர் பெயருக்கு முன் ‘பேராசிரியர்’. விடுதிகளில் மேடைப்பேச்சுப் பழகாமல் வெளியேறிய மாணவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவுதான். துணைவேந்தரே வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் (1935–40) என்றால் வேறென்ன நடக்கும்? ஆங்கிலப் பேச்சில் உலகம் மெச்சிய மனிதர்.

*

அதே வளாகத்தில் இசைக் கல்லூரியும் உண்டு. ‘நந்தனார்’ (1942) படத்தில் நடித்துப் புகழ்பெற்ற எம்.எம். தண்டபாணி தேசிகர் பின்னாளில் அங்கே இசைப் பேராசிரியர். சினிமாவில் பார்த்த நட்சத்திரம் காலையில் வகுப்பெடுக்க வந்தால் எந்த மாணவன் மட்டம் போடுவான்?

*

1965 ஜனவரி 27. இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி. அண்ணாமலை நகரிலிருந்து ஊர்வலம் புறப்பட்ட மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சிவகங்கையைச் சேர்ந்த மாணவர் ராஜேந்திரன் இறந்தார். அவருக்கு அங்கே சிலை இருக்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே இடத்தில் உண்டு உறங்கினால் ஒரு செய்தி அறைக்கு அறை பரவ ஒரு ராத்திரி போதும். விடுதிப் பல்கலைக்கழகங்களைக் கண்டு எல்லா அரசுகளும் கொஞ்சம் பயப்படுவது இதனால்தான்.

*

தங்கிப் படிக்கும் இடங்களில் வகுப்பறையைவிடச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அதிக வரலாறு நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். சேரன்மாதேவியைப் பாருங்கள். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் தாமிரபரணிக் கரையில் நடந்தது. உடற்பயிற்சி, தொழில், தேசபக்தி எல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். காங்கிரஸ் பணம் கொடுத்தது. பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பந்தி என்ற செய்தி வெளியே வந்தது. அவ்வளவுதான். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்ப, தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. லண்டனில் இருந்தபோது ஆங்கிலேய அரசுக்கே தண்ணி காட்டிய ஐயருக்கு ஒரு சாப்பாட்டுப் பந்தியைச் சமாளிக்க முடியவில்லை. 1925 ஜூனில் பாபநாசம் மலையருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து அவர் உயிர்விட்டார்.

*

சேரன்மாதேவிப் பாடம் எல்லோருக்கும் எட்டவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் 1943இலும் பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை. அந்தப் பானைத் தகராறிலிருந்து முளைத்ததுதான் திராவிட மாணவர் கழகம்.

*

சோமசுந்தர பாரதி படித்த கிறித்தவக் கல்லூரி அப்போது சென்னை ஜார்ஜ் டவுன் நெரிசலுக்குள் இருந்தது. 1937இல்தான் தாம்பரம் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே மூன்று விடுதிகள் கட்டினார்கள்: சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். இன்றும் அந்தக் கல்லூரிப் பழைய மாணவரிடம் எந்தத் துறை என்று கேட்டால் மெதுவாகச் சொல்வார். எந்த ஹால் என்று கேளுங்கள், நெஞ்சை நிமிர்த்துவார்.

*

வட்டுக்கோட்டை செமினரி. 1823இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய உண்டு உறைவிடக் கல்லூரி. படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயரை மாணவனுக்குச் சூட்டுவது அங்கே வழக்கம். கரோல் விசுவநாத பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப் பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை என்று அந்தக் காலப் பெயர்கள் பாதி பாஸ்டன், பாதி யாழ்ப்பாணமாக இருப்பது அதனால்தான். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் பி.ஏ. பட்டம் வாங்கிய இருவரும் அங்கே படித்தவர்கள். ஒருவர் அந்தக் கரோல் விசுவநாத பிள்ளை. இன்னொருவர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளை.

*

முத்துக்குளித்துறைக்கே வருவோம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம். 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்த ஜி.யூ. போப் 1840களில் அங்கே ஒரு செமினரி நடத்தினார். பனங்காட்டு நடுவே பையன்களைத் தங்க வைத்துப் படிப்பித்தார். கண்டிப்பில் அவர் பேர்போனவர். அந்தச் செமினரி 1880இல் கல்லூரியாக உயர்ந்து, 1883இல் தூத்துக்குடிக்கு மாறி, கால்டுவெல் பெயரைப் பெற்றது. அதிக நாள் நீடிக்கவில்லை. பிற்பாடு 1962இல் சாயர்புரத்தில் வந்த போப் கல்லூரி இன்றும் இருக்கிறது.

போப்போ ஊர் திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அங்குள்ள பேலியல் கல்லூரிக்குப் பாதிரியாராகவும் இருந்தார். மாணவரும் ஆசிரியரும் ஒரே மதிலுக்குள் வாழ்வது ஆக்ஸ்ஃபோர்டின் பழைய பழக்கம். ஓர் இரவு பேலியல் முற்றத்தில், கல்லூரித் தலைவர் ஜோவெட்டுடன் பேசிக்கொண்டிருந்தபோது திருவாசகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை மொழிபெயர்த்து அச்சிடுங்கள் என்றார் ஜோவெட். முதுமையில் முடிக்க ஆயுள் போதாது என்று போப் தயங்கினார். பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் அது முடியும்வரை உயிர் இருக்கும் என்று ஜோவெட் தேற்றினார். ஜோவெட் 1893இல் போய்ச் சேர்ந்தார். போப் தம் எண்பதாவது பிறந்தநாளில், 1900 ஏப்ரல் 24 அன்று, திருவாசக மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதினார். இதை அவரே அந்த முன்னுரையில் பதிந்திருக்கிறார். பாடவேளை முடிந்ததும் அவரவர் பஸ் பிடித்துக் கிளம்பும் கல்லூரியில் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

அவர் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறித்திருக்கிறது என நம் பட்டிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அப்படி ஒன்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள அந்தக் கல்லில் அவர் பெயர், பதவி, பிறப்பு, இறப்பு இருக்கின்றன. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்த செய்தியும் இருக்கிறது. எனக்கு இந்த உண்மைதான் அதிகம் பிடித்திருக்கிறது. கற்பனையில் அவர் தனியாள். உண்மையில் இங்கிருந்து பணம் திரட்டி அனுப்பியவர்களும் கூட இருக்கிறார்கள்.

*

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். பிறகு சிப்பி இல்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். நான்கே ஆண்டில், 1977இல், அதே ஊரில் மீன்வளக் கல்லூரி வந்தது. இன்று அது மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. விடுதியில் தங்கும் பிள்ளைகள் மீன் வளர்ப்பு, வலை, பதப்படுத்தல் எல்லாம் படிக்கிறார்கள். மெஸ்ஸில் மீன் குழம்பு எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மீனைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிற மாஸ்டரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.