ஒரே வண்டி, இரண்டு கூலி! - மெக்சிகோ ஆலையில் ஓட்டுப்பெட்டி செய்த மாற்றம்

செவர்லே சில்வராடோ. அமெரிக்காவில் வீட்டு வாசல், பண்ணை, கட்டட வேலை நடக்கும் இடம் என எங்கு பார்த்தாலும் நிற்கும் பிக்கப் டிரக் இது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த வண்டியை அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் உள்ள ஃபோர்ட் வெய்ன் ஆலையில் தயாரிக்கிறது. மெக்சிகோவின் குவானஹுவாட்டோ மாநிலத்தில் உள்ள சிலாவோ ஆலையிலும் தயாரிக்கிறது. ஷோரூமில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எது எங்கிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

வித்தியாசம் சம்பளக் கவரில்தான் தெரியும். 2021 நிலவரப்படி, சிலாவோ ஆலையில் ஒருவரின் ஒரு நாள் கூலி சுமார் 9 டாலரில் தொடங்கி, அனுபவம் மிக்கவருக்கு 34 டாலர் வரை இருந்தது. அமெரிக்க ஆலையில் இருக்கும் மூத்த தொழிலாளி ஒருவருக்கு, ஏறக்குறைய அதே தொகை ஒரு மணி நேரத்துக்கே கிடைத்தது. அதாவது, அங்கே ஒரு மணி நேரம். இங்கே ஒரு முழு ஷிஃப்ட்!

`மெக்சிகோவில் விலைவாசி குறைவு, அதனால் கூலியும் குறைவு' என்று இதைச் சுலபமாகக் கடந்துவிடலாம். ஆனால், இந்த இடைவெளியை இத்தனை வருடம் காப்பாற்றியது விலைவாசி மட்டுமல்ல. தொழிலாளியின் பெயரைச் சொல்லி கையெழுத்துப் போட்ட ஒரு சங்கத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

எல்லை திறந்தது... யாருக்கு?

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளும் சேர்ந்து போட்ட `நாஃப்டா' எனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1994 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்தது. சரக்குக்கும் முதலீட்டுக்கும் இருந்த தடைகள் படிப்படியாக விலகின. சம்பளம் குறைவாக இருக்கும் இடத்தில் ஆலை போட்டு, சம்பளம் அதிகமாக இருக்கும் ஊரில் வண்டியை விற்பது எளிதானது. 

தொழிலாளர் உரிமைக்கென ஒரு துணை ஒப்பந்தமும் அப்போது போடப்பட்டது. ஆனால், சங்கம் அமைக்கும் உரிமை ஒரு நாட்டில் மறுக்கப்பட்டால், அமைச்சர்கள் கூடி ஆலோசனை நடத்தலாம் என்பதோடு அது நின்றுவிட்டது. தண்டனையோ அபராதமோ கிடையாது.

இதன் விளைவு எல்லையின் இரண்டு பக்கமும் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் கேட் ப்ரான்ஃபென்ப்ரென்னர், 1990-களில் அமெரிக்காவில் சங்கம் அமைக்க நடந்த முயற்சிகளை ஆராய்ந்தார். பாதிக்கும் மேற்பட்ட முதலாளிகள், `சங்கம் வந்தால் ஆலையை மூடிவிடுவோம்' என்று மிரட்டியது தெரியவந்தது. ஆலை உண்மையிலேயே மெக்சிகோவுக்குப் போக வேண்டும் என்றில்லை. `போய்விடும்' என்ற பேச்சே தொழிலாளியின் வாயை அடைக்கப் போதுமானதாக இருந்தது.

சங்கத்துக்குள்ளேயே இரண்டு தட்டு

அமெரிக்க வாகனத் தொழிலாளர்களின் சங்கமான `யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ்' ஒரு காலத்தில் நாட்டிலேயே பலமான சங்கங்களில் ஒன்று. ஆனால், கம்பெனிகள் தள்ளாடிய 2007-ல் அது ஒரு கசப்பான ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தது. பழைய தொழிலாளிக்கு மணிக்கு சுமார் 28 டாலர். புதிதாகச் சேர்பவர்களில் பலருக்கு அதில் பாதி, சுமார் 14 டாலர். ஒரே கூரை, ஒரே சங்கம், இரண்டு சம்பளம்!

இருக்கிறவர்களின் வேலையைக் காப்பாற்ற, இனி வரப்போகிறவர்களின் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்த முடிவு பல ஆண்டுகள் சங்கத்தை உள்ளுக்குள் அரித்தது. `ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்பது, 2023-ல் மூன்று பெரிய கார் கம்பெனிகளையும் ஒரே சமயத்தில் எதிர்த்து அந்தச் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக ஆனது. அதன் முடிவில், 2028 வரையிலான ஒப்பந்தத்தில் 25 சதவிகித உயர்வு கிடைத்தது. தட்டுகளில் பலவும் குறைக்கப்பட்டன.

முகம் தெரியாத சங்கம்

மெக்சிகோவில் நிலைமை இன்னும் விநோதம். அங்கே பல ஆலைகளில் முதல் தொழிலாளி வேலைக்குச் சேரும் முன்பே சங்கம் வந்துவிடும். கம்பெனியும் சங்கத் தலைவரும் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சந்தா மட்டும் சம்பளத்தில் பிடிக்கப்படும். தனக்கு ஒரு சங்கம் இருப்பதே தெரியாமல் வேலை பார்த்தவர்கள் ஏராளம். இவற்றை அங்கே `பாதுகாப்பு ஒப்பந்தம்' என்பார்கள். பாதுகாப்பு தொழிலாளிக்கு அல்ல, கம்பெனிக்கு!

சிலாவோ ஆலையிலும் 1936-ல் தொடங்கப்பட்ட, ஆட்சியாளர்களோடு நெருக்கமாகவே வளர்ந்த சி.டி.எம். கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கம்தான் கோலோச்சியது.

2019 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 40 நாள்கள் நீடித்த போராட்டம் அது. அமெரிக்காவில் குறையும் உற்பத்தியை ஈடுகட்ட சிலாவோவில் கூடுதல் நேரம் உழைத்தால், போராட்டம் பலவீனமாகும். `அதற்கு நாங்கள் துணைபோக மாட்டோம்' என்று சிலாவோவில் ஒரு சிறு குழு ஓவர்டைம் பார்க்க மறுத்தது. அவர்களில் சிலர் வேலையிழந்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவு தெரிவித்ததுதான் காரணம் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

சில நாள்களில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. அமெரிக்காவிலிருந்து உதிரிபாகங்கள் வராததால் சிலாவோ ஆலையே நின்றது. சுமார் 6,000 பேர் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு நாட்டுத் தொழிலாளர்களும் ஒரே லைனில்தான் நிற்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் பாடம் தேவையில்லை.

கோழி வரி என்னும் ஆயுதம்

நாஃப்டாவின் இடத்தில் 2020 ஜூலை 1-ம் தேதி புதிய ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இதற்கு முந்தைய ஆண்டே மெக்சிகோ தன் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. பழைய கூட்டு ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் தொழிலாளர்களிடம் காட்டி, ரகசிய வாக்கெடுப்பில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அதில் விதி வந்தது.

புதிய வர்த்தக ஒப்பந்தத்தில் `விரைவு நடவடிக்கை' என்ற ஏற்பாடும் சேர்ந்தது. குறிப்பிட்ட ஓர் ஆலையில் சங்க உரிமை மறுக்கப்படுவதாகப் புகார் வந்தால், அந்த ஆலையை மட்டும் விசாரிக்கலாம். தவறு உறுதியாகி, அது சரிசெய்யப்படாவிட்டால், அங்கிருந்து வரும் சரக்குக்கான வரிச் சலுகையை நிறுத்தலாம்.

பிக்கப் டிரக்குக்கு அந்தச் சலுகை போனால் என்ன ஆகும்? இங்கே ஒரு சுவாரஸ்யமான பழங்கதை உண்டு. 1960-களில் அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை ஏற்றின. பதிலடியாக, 1964-ல் இலகுரக டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவிகித இறக்குமதி வரி போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்தாலும் `கோழி வரி' நிலைத்துவிட்டது. சிலாவோவின் வரிச் சலுகை பறிபோனால், அந்த 25 சதவிகிதம் ஒவ்வொரு வண்டியின் தலையிலும் விழும். கம்பெனியை உட்காரவைத்துப் பேசவைக்க இது போதாதா?

இரண்டு வாக்கெடுப்புகள்

2021 ஏப்ரலில் சிலாவோவில் பழைய ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. நடத்தியது அதே பழைய சங்கம். வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டதை மெக்சிகோ தொழிலாளர் துறை கண்டுபிடித்து, வாக்கெடுப்பை நிறுத்தியது. மே மாதம் அமெரிக்க அரசு விரைவு நடவடிக்கையைக் கையில் எடுத்தது. தானாகவே முன்வந்து அமெரிக்கா இதைப் பயன்படுத்தியது அதுவே முதல்முறை.

ஆகஸ்ட்டில் மறு வாக்கெடுப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பார்வையாளர்கள் முன்னிலையில் நடந்த இந்த முறை, ஒப்பந்தம் வேண்டும் என்றவர்கள் 2,623 பேர். வேண்டாம் என்றவர்கள் 3,214 பேர். பழைய ஒப்பந்தம் செல்லாமல் போனது.

அடுத்த கேள்வி: இனி யார் பேசுவது? 2022 பிப்ரவரி 1, 2 தேதிகளில் தேர்தல். `சிந்தியா' என்று அழைக்கப்படும் புதிய சுதந்திரச் சங்கமும் களமிறங்கியது. அதன் தலைவர் அலெஹாந்த்ரா மொராலெஸ், அதே ஆலையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த பெண். தேர்தலுக்கு முந்தைய நாள் அவர் வீட்டுக்கே வந்து சிலர் மிரட்டிவிட்டுப் போனதாகச் சங்கம் புகார் சொன்னது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. பதிவான 5,389 ஓட்டுகளில் சிந்தியாவுக்கு விழுந்தவை 4,192. நான்கில் மூன்று பங்குக்கும் மேல்!

மே மாதத்தில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. சம்பள உயர்வு 8.5 சதவிகிதம். அந்த நேரத்தில் மெக்சிகோவில் விலைவாசியும் 7 சதவிகிதத்துக்கு மேல் ஏறியிருந்ததால், கையில் மிஞ்சியது அதிகமில்லை. ஆனால், அந்த ஒப்பந்தத்தைத் தொழிலாளர்களே படித்து, ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லா ஆலையும் சிலாவோ இல்லை

இதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட முடியாது. மெக்சிகோவில் பதிவாகியிருந்த கூட்டு ஒப்பந்தங்கள் சுமார் 1,39,000. கெடு முடிந்த 2023 மே மாதத்துக்குள் தொழிலாளர்களின் ஒப்புதலைப் பெற்றவை சுமார் 30,000 மட்டுமே. மற்றவை காலாவதியாகின. அவற்றில் பலவும் வெறும் காகித ஒப்பந்தங்கள்.

அமெரிக்க எல்லையை ஒட்டிய பியத்ராஸ் நெக்ராஸ் நகரில், கார் உட்புறப் பாகங்கள் செய்த வி.யூ. மேனுஃபேக்சரிங் ஆலையின் கதை வேறு விதம். 2022-ல் அங்கும் தொழிலாளர்கள் சுதந்திரச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். விரைவு நடவடிக்கையும் இரண்டு முறை பாய்ந்தது. கடைசியில் ஆலையே மூடப்பட்டது. பெரிய கம்பெனிக்கு வரி பயம் இருந்தது. இங்கே அந்தப் பயம் வேலைசெய்யவில்லை.

இந்த ஏற்பாடு ஒருதலைப்பட்சமானது என்ற விமர்சனமும் உண்டு. மெக்சிகோ ஆலைகள் மீது 30-க்கும் மேற்பட்ட முறை இது பயன்பட்டிருக்கிறது. அமெரிக்க ஆலைகளை இதில் கொண்டுவருவதற்கான நிபந்தனைகளோ மிகக் கடுமையானவை.

இன்னொரு கேள்வியும் எழும். `மெக்சிகோ தொழிலாளிக்குச் சம்பளம் ஏற வேண்டும் என்று அமெரிக்கச் சங்கம் ஏன் விரும்ப வேண்டும்?' இதில் பாசம் பாதி, கணக்கு பாதி. அங்கே கூலி ஏற ஏற, `ஆலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்' என்ற மிரட்டலின் பலம் குறையும். இரண்டு பேருக்கும் லாபம் தரும் கணக்கு இது.

மறுபடியும் ஓர் அச்சம்

2025 ஏப்ரலில் இறக்குமதி கார்களுக்கு அமெரிக்கா 25 சதவிகித வரி போட்டது. அந்த ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்க ஆலைகளில் 400 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது. மிச்சிகன் மாகாணத்தின் ஓரியன் ஆலையில் 2027 தொடக்கத்திலிருந்து பிக்கப் டிரக்குகளும் தயாராகும் என்பது அந்த அறிவிப்பில் இருக்கிறது. மிச்சிகனில் இது வேலை வரும் செய்தி. அதே ரக வண்டியைச் செய்யும் சிலாவோவில் இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி.

முன்பு அமெரிக்கத் தொழிலாளி `ஆலை போய்விடுமோ' என்று பயந்தார். இப்போது அந்தப் பயம் எல்லை தாண்டியிருக்கிறது. மூன்று நாடுகளும் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யக் குறிக்கப்பட்ட நாள் 2026 ஜூலை 1.

இந்தியாவும் 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறது. திருப்பூர் பனியன் அங்கே வரியில்லாமல் போக வழிசெய்யும் அந்த ஒப்பந்தத்தில், தொழிலாளர் உரிமைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால், தனி ஓர் ஆலையின் மீது புகார் கொடுத்து, அந்த ஆலையின் வரிச் சலுகையையே கேள்வி கேட்கும் சிலாவோ பாணி ஏற்பாடு அதில் இல்லை.

வர்த்தக ஒப்பந்தம் என்றால் எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்றுதான் முதலில் பார்க்கிறோம். அந்தச் சரக்கைச் செய்தவருக்குத் தன் சம்பளம் பற்றிப் பேச ஓர் ஓட்டு இருக்கிறதா என்று சிலாவோ கேட்கவைத்திருக்கிறது. அங்கே அந்த ஓட்டு கைக்கு வரவே நாஃப்டா தொடங்கி 27 ஆண்டுகள் ஆயின. ஒரு மணி நேரக் கூலிக்கும் ஒரு நாள் கூலிக்கும் இடையிலான தூரம் இன்னும் அப்படியேதான் பெரிதாகக் கிடக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு, இப்போது அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு சங்கம் இருக்கிறது.