'சிகப்பு ரோஜாக்கள்' எழுப்பிய கேள்வி

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, மல்லேஸ்வரத்திலுள்ள எங்கள் இல்லத்தில் அனைவரும் அமர்ந்து பழைய திரைப்படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பாரதிராஜாவின் இயக்கத்தில் 1978-இல் வெளிவந்த 'சிகப்பு ரோஜாக்கள்' அது. படம் முடிந்ததும், கல்லூரியில் பயிலும் என் பேத்தி, "தாத்தா, அந்தப் பையன்மேல் அந்தப் பெண் வீண்பழி போடாமல் இருந்திருந்தால், மற்றப் பெண்களெல்லாம் பிழைத்திருப்பார்களா?" என்று கேட்டாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

படத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. கதையின் பெரும்பகுதி ஒரு மாளிகைக்குள்ளும் அதன் தோட்டத்திலுமே நிகழ்கிறது. ஒரு கறுப்புப் பூனையும், ரோஜாச் செடிகளும், இளையராஜாவின் இசையும் நம்மை அஞ்ச வைக்கப் போதுமானவையாகின்றன. கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் நன்கு நடித்துள்ளனர். குறை, பொருட்செலவில் இல்லை. கதையின் உள்ளே இருக்கிறது.

பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் செல்வந்தனுக்கு ஓர் இளமைக் கதை கூறப்படுகிறது. வேலைக்கு இருந்த வீட்டுப் பெண் தவறு செய்துவிட்டுப் பழியை அவன்மேல் சுமத்துகிறாள். அடைக்கலம் தந்த மற்றொரு வீட்டிலோ மனைவி கணவனுக்குத் துரோகம் இழைக்கிறாள். இவ்வாறு, கொலையாளி பிறந்ததற்கே பெண்கள்தாம் காரணம் என்றாகிவிடுகிறது. ஆனால் மண்ணுக்குள் போன பெண்கள் யார், அவர்களைத் தேடி அழுத தாயார் எவர் என்று படம் நின்று கேட்பதில்லை. கொன்றவனுக்கு வரலாறு உண்டு, கொல்லப்பட்டவர்களுக்கு இல்லை.

உண்மை நிகழ்ச்சி ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 1968-இல் பம்பாயில் பிடிபட்ட ராமன் ராகவ், 41 கொலைகள் செய்ததாக ஒப்புக்கொண்டவன். அவன் கையில் மாண்டவர்கள் பெரும்பாலும் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிய ஏழை மக்கள். அவனுக்கு அவர்கள் ஒரு தீங்கும் செய்தவர்களல்லர். பாதுகாப்பில்லாத இடத்தில் உறங்கியது ஒன்றே அவர்கள் செய்த 'குற்றம்'!

இக்குறை நம் படங்களுக்கு மட்டும் உரியதன்று. 1960-இல் ஹிட்ச்காக், தம் தொலைக்காட்சித் தொடரில் பணியாற்றிய குழுவினரைக் கொண்டே, ஏறத்தாழ 8 லட்சம் டாலரில் 'சைக்கோ'வைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். சிறு செலவில் எத்துணை பெரிய படம் எடுக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. அதன் இறுதியிலும் மனநல மருத்துவர் ஒருவர் நீண்ட விளக்கம் தந்து, கொலையாளியின் தாயாரையே மூலகாரணமாகச் சுட்டுகிறார். 2018-இல் வந்த 'ராட்சசன்' விறுவிறுப்பில் எவருக்கும் இளைத்ததன்று. அங்கும், நோயால் தோற்றம் மாறிய சிறுவனை ஒரு மாணவி மறுத்து இகழ்ந்ததே தொடக்கம். தாய், வீட்டுப் பெண், மாணவி என்று ஆள் மாறுகிறதேயன்றிப் பழி இடம் மாறவில்லை. போதாக்குறைக்கு, நோயுற்ற ஒரு பிள்ளையையும் நாம் ஐயக்கண்ணுடன் நோக்கும்படி ஆகிறது.

இது வெறும் கதைதானே என்று தள்ளிவிட இயலுமா? நம் பெண்கள் நாள்தோறும் வெளியே சென்று பணிபுரிந்து இரவில் வீடு திரும்புகிறார்கள். ஓர் ஆடவனின் விருப்பத்தை 'வேண்டாம்' என்று மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மறுப்பு கேட்ட மனம் கொலைக்குத் துணிவது இயல்பே என்று நம் பிள்ளைகள் திரையில் கற்றுக்கொண்டால், அந்த உரிமையே ஆபத்தாகிவிடும் அன்றோ?

இத்தகைய படங்களைப் பார்க்கவே கூடாதென்று நான் கூறவில்லை. பெரியவர்கள் உடனிருந்து பார்க்கட்டும், பார்த்தபின் பேசட்டும். இரண்டு நாள் கழித்து என் பேத்திக்கு நான் கூறிய விடை இதுதான்: "அம்மா, துன்பப்பட்ட பிள்ளைகள் இவ்வுலகில் கோடி பேர். அவர்களெல்லாம் கொலை செய்வதில்லை. பழி சுமத்திய பெண் செய்தது தவறு. ஆனால் கத்தியை எடுத்தவன் அவன். அந்தப் பழியில் ஒரு துளியும் வேறு எவருக்கும் பங்கில்லை."

அவள் சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அந்தப் பெண்களின் கதையை யாராவது படமாக எடுக்கவேண்டும், தாத்தா" என்றாள். எடுக்க வேண்டியதுதான்.