சைலன்ட் வேலிக்காகக் கணக்குப் போட்டவர்கள்

பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்று மேற்கே பார்த்தால் பாலமலை தெரியும். நாலு வருஷமா காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கறப்ப எல்லாம் அதைப் பார்க்கிறேன். அந்த மலைக்குப் பின்னால், ஆனைகட்டியும் அட்டப்பாடியும் தாண்டி, சைலன்ட் வேலி இருக்குன்னு போன டிசம்பரில் முக்காலி வரை போனப்போதான் உறைச்சது. ஸ்கூலில் ஒரு மார்க் கேள்விக்குப் படிச்ச பேரு!

அதை ஏன் இங்கே எழுதறேன்னா, அந்தக் காட்டைக் காப்பாற்றிய கதையில் எஞ்சினியர்கள் இருக்காங்க. வழக்கமா இந்த மாதிரிக் கதைகளில் நம்ம ஆளுங்க எதிர்ப்பக்கம்தான் இருப்பாங்க, இல்லீங்களா?

குந்திப்புழா ஆற்றில் நீர்மின் அணை கட்ட 1973-ல் திட்டக்குழு அனுமதி கொடுத்தது. 131 மீட்டர் உயரம், முதலில் 120 மெகாவாட். சுமார் 8.3 சதுர கிலோமீட்டர் மழைக்காடு மூழ்கும். ஆதரித்தவர்களின் வாதத்தை லேசா எடுத்துக்காதீங்க. மலபார் பகுதியில் அப்போது மின்சாரமும் போதலை, வேலையும் இல்லை. மூழ்குறது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதானே, குரங்கு முக்கியமா மனுஷன் முக்கியமா என்று கேட்டார்கள். அங்கே நான் இருந்திருந்தா டக்குன்னு பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தக் குரங்கு சிங்கவால் குரங்கு. நம்ம பக்கம் சோலைமந்தின்னும் சொல்வாங்க. பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காது, உச்சிக்கிளை வழியாகவே மரம் விட்டு மரம் போகும். வெடிப்பலா மாதிரி மரங்களை நம்பி வாழ்வது. எல்லா மரமும் ஒரே மாசத்தில் காய்க்காது, அதனால் வருஷம் முழுக்கச் சாப்பிட அதுக்கு அறுபடாத பெரிய காடு வேணும். பள்ளத்தாக்கின் நடுவே நீர்த்தேக்கமும் ரோடும் வந்தால் பத்து சதவீதம் மட்டுமா போகும்? மீதியும் துண்டாகும். நெட்வொர்க்கில் நடு நோடைத் தூக்கற மாதிரி. வேற இடத்தில் மரம் நட்டு ஈடுகட்டலாம் என்பதும் சரிவராது. தேக்குத் தோட்டத்தில் எல்லா மரமும் ஒரே வயசு, ஒரே உயரம். மழைக்காட்டில் அடுக்கடுக்கா மரம், கொடி, பாசி, கீழே மக்கின இலை, அதில் பூஞ்சை. இதெல்லாம் சேர நூற்றாண்டுகள் ஆகும்.

1979-ல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஓர் அறிக்கை வெளியிட்டது. எழுதியவர்களில் தாவரவியல்காரர் எம்.கே. பிரசாத்தோடு பொறியாளர்களும் ஒரு பொருளாதார நிபுணரும் இருந்தார்கள். காடு அழகு, விட்டுடுங்கன்னு அவர்கள் நிறுத்திக்கலை. மின்வாரியம் பேசிய அதே மெகாவாட் பாஷையில் பேசினார்கள். மலபாரின் பிரச்சினை உற்பத்தி மட்டுமில்லை, மின்சாரத்தை அங்கே கொண்டு போய்ச் சேர்ப்பதும்தான்; அதுக்கு வேறு வழிகள் இருக்கு என்று காட்டினார்கள். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

கணக்கு மட்டும் ஜெயிச்சதுன்னு சொன்னா பொய். கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி, ஊர் ஊராகப் பேசிய வாத்தியார்கள் எல்லாரும் சேர்ந்த போராட்டம் அது. எம்.எஸ். சுவாமிநாதன் அறிக்கை, எம்.ஜி.கே. மேனன் குழு எல்லாம் தாண்டி 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு. ஆனைகட்டியில் இருக்கும் பறவை ஆராய்ச்சி மையம் அந்த சாலிம் அலி பேரில்தான்.

குந்திப்புழா கேரளத்துப் பக்கமே போய்விடுகிறது. ஆனா அதே மலைத்தொடரில் ஓடும் பவானி, அட்டப்பாடி வழியா நம்ம பக்கம் திரும்பி பில்லூர் அணைக்கு வருது. கோவை குடிக்கும் தண்ணியில் அதுவும் உண்டு.

இன்னொரு விஷயத்தையும் ஒத்துக்கணும். எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் செங்கல் பற்றியது. ரிப்போர்ட்டில் சுற்றுச்சூழல் தாக்கம்னு ஒரு பக்கம் வரும். சீனியர் ஃபைலில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டோம். அதில் ஒரு வரி: 'செம்மண் அருகிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.' அருகில்னா எங்கே? தடாகம் பள்ளத்தாக்கு. யானைகள் நடமாடும் இடம். அனுமதியில்லாமல் ஓடிய செங்கல் சூளைகள் அங்கே 2021-ல் மூடப்பட்டன. மண் எடுத்த பள்ளங்கள் அப்படியே கிடக்கு. முக்காலிக்குப் போனப்போ அந்த வழியாத்தான் போனோம், பாட்டு கேட்டுக்கிட்டே.

ரிவ்யூ அடுத்த வாரம். அந்த வரியை எடுத்தாச்சு. ஒரு செங்கல்லுக்கு எவ்வளவு மண், ஆயிரம் செங்கல்லுக்கு எவ்வளவு ஆழம் போகும்னு நாலு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுட்டிருக்கோம்.