பூச்சாடியில் வாழும் பனைகள்

பேராக் மாநிலத்தின் பத்து காஜா வட்டாரத்தில் பனைக் குடும்பத்து மரங்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டு முற்றத்தில் தென்னையும் கமுகும் நிற்கும். பள்ளி, அலுவலக வளாகங்களில் சிவந்த தண்டுடைய அழகுப் பனைகள் நிற்கும். முன்பு இரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை வரிசை வரிசையாக வளர்ந்துள்ளது. இம்மரங்களை யாரும் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டியதில்லை. இங்கு நள்ளிரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 22 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை.

ஆனால், இலண்டன், பாரிஸ், டொரோண்டோ போன்ற நகரங்களிலும் பனைகளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே பனை ஒரு பெரிய பூச்சாடியில் வாழ்கிறது. கோடையில் வெளியே வெயில் காய்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் தஞ்சம் புகுகிறது. ஆளுயரம் வளர்ந்த மரத்தை ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றுவது எளிய வேலையன்று. அதைச் சரியாகச் செய்யத் தாவரத்தின் இயல்பைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

குளிர் ஏன் பனையைக் கொல்கிறது?

உலகில் 2,500க்கும் மேற்பட்ட பனை வகைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் உயிர்நிலை, உச்சியில் இலைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் குருத்து. மாமரத்தின் நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் துளிர்க்கும். தென்னையின் குருத்தை வெட்டினால் மரமே பட்டுப்போகும். தனித் தண்டுடைய பனைக்கு இருப்பது ஒரே ஒரு குருத்துதான்.

வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும்போது, இலையிலும் குருத்திலும் உள்ள நீர் உறைந்து பனிக்கட்டியாகிறது. அது உயிரணுக்களைச் சிதைக்கிறது. கருகிய இலை போனாலும் புதிய இலை வரும். உறைந்த குருத்து மீண்டும் வராது. வெப்ப மண்டலப் பனைகளுக்கு உறைநிலைகூடத் தேவையில்லை. ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே வெப்பநிலை நீடித்தாலே செம்பனைக் கன்றின் வளர்ச்சி நின்றுவிடும்.

எல்லாப் பனைகளும் இப்படிப்பட்டவை அல்ல. சீனாவின் மலைப்பகுதிகளில் வளரும் விசிறிப்பனை, நன்கு வளர்ந்த நிலையில், உறைநிலைக்கு 10 பாகை கீழேயும் தாக்குப்பிடிக்கும். மத்தியதரைக் கடலோரக் குட்டைப்பனையும் ஓரளவு குளிரைத் தாங்கும். ஆனால், பூச்சாடியில் வளரும் பனைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நிலத்தில் நிற்கும் மரத்தின் வேர்களைச் சுற்றிலும் மண் போர்வையாகக் காக்கிறது. பூச்சாடியின் வேர்களைச் சுற்றிக் குளிர்ந்த காற்றே உள்ளது. ஆகவே, தரையில் பிழைக்கும் மரம் சாடியில் பிழைக்காமல் போகலாம்.

நானூறு ஆண்டுப் பழக்கம்

குளிர் நாட்டில் பனையைக் காக்கும் முயற்சி பழைமையானது. இத்தாலியின் பாதுவா நகரில் 1545இல் ஒரு தாவரவியல் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே 1585இல் நடப்பட்ட குட்டைப்பனை ஒன்று இன்றும் உயிரோடு உள்ளது. அதற்கென்றே ஒரு கண்ணாடி இல்லம் கட்டியிருக்கிறார்கள். செர்மானியக் கவிஞர் கோத்தே 1786இல் அதைப் பார்த்தார். அதன் இலைகள் அடியிலிருந்து உச்சிவரை வடிவம் மாறிச் செல்வதைக் கண்டு வியந்தார். தாவர உறுப்புகளின் வளர்ச்சியைப் பற்றிப் பின்னர் 1790இல் ஒரு நூலையும் வெளியிட்டார்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை பெரிய குளிர்காப்பு மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் நடுக்கூடம் 150 மீட்டருக்கும் மேல் நீளமானது. சுவர்கள் மிகத் தடிப்பானவை. உயரமான சன்னல்கள் தெற்கு நோக்கியவை. தடித்த சுவர் குளிரைத் தடுக்கிறது. தெற்குச் சன்னல் தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலை உள்ளே விடுகிறது. ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, பனை என ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் மரப்பெட்டிகளில் வளர்கின்றன. அவை அக்டோபரில் உள்ளே செல்கின்றன; மே மாதத்தில் வெளியே வருகின்றன.

வெர்சாய் மண்டபம் குளிரை மட்டுமே தடுத்தது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா அதைவிட ஒரு படி மேலே சென்றது. அங்கே 1844 முதல் 1848 வரை இரும்பாலும் கண்ணாடியாலும் பனை இல்லம் கட்டப்பட்டது. கொதிகலன்களில் சூடான நீர் குழாய்கள் வழியே ஓடி, இல்லத்தை வெப்பமாக வைத்திருந்தது. வெப்ப மண்டலக் காட்டின் ஒரு துண்டு இலண்டன் அருகே உருவானது.

ஒரு வீட்டில் குளிர்காலத்தைக் கடப்பது எப்படி?

அரண்மனையும் கண்ணாடி இல்லமும் இல்லாதவர்களும் பனை வளர்க்கிறார்கள். அவர்கள் பின்பற்றும் முறையில் ஒரு வரிசை உண்டு.

முதலாவது, சாடி. அடியில் நீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும். மண்ணோடு மணலோ சிறுகற்களோ கலந்தால் நீர் தேங்காது. மண் நிறைந்த பெரிய சாடியை ஒருவர் தனியே தூக்க முடியாது. ஆகையால், சக்கரம் பொருத்திய பலகையின்மேல் சாடியைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, நேரம். வெப்ப மண்டலப் பனை என்றால், இரவு வெப்பநிலை 12 பாகை அளவுக்கு இறங்கும்போதே உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். குளிரைத் தாங்கும் வகை என்றால், முதல் கடும் உறைபனி வரும்வரை வெளியே விடலாம். உள்ளே கொண்டுபோகுமுன் இலைகளைக் கழுவி, அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளியே மழையும் காற்றும் இயற்கை எதிரிகளும் கட்டுப்படுத்தி வைத்திருந்த செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் வீட்டுக்குள் தடையின்றிப் பெருகும்.

மூன்றாவது, ஒளியும் வெப்பமும். பலர் தவறு செய்யும் இடம் இதுதான். பனை வெப்பத்தை விரும்பும் என்று எண்ணி, அதைச் சூடான அறையின் இருண்ட மூலையில் வைத்துவிடுகிறார்கள். தாவரம் ஒளிச்சேர்க்கையின்வழி உணவைத் தயாரிக்கிறது. சுவாசத்தின்வழி அதைச் செலவிடுகிறது. வெப்பம் கூடினால் சுவாசம் கூடும், செலவும் கூடும். ஒளி குறைந்தால் வரவு குறையும். டிசம்பரில் இலண்டனில் பகல்பொழுது 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஈப்போவில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். சூடான, இருண்ட அறையில் இருக்கும் பனை சேமிப்பைத் தின்றே வாழ்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல மெலிந்து வெளிறுகிறது.

எனவே, குளிர் தாங்கும் பனையை 5 முதல் 10 பாகை வரை உள்ள குளிர்ந்த, வெளிச்சமான அறையில் வைப்பது நல்லது. அங்கே அதன் செலவும் குறையும். மரம் ஓய்வு கொள்ளும். வெப்ப மண்டலப் பனைக்கு இவ்வழி பொருந்தாது. அதற்கு வெப்பமும் வேண்டும். அதற்கேற்ற ஒளியும் வேண்டும். தெற்குச் சன்னலருகே வைப்பதோடு செயற்கை விளக்கும் பொருத்துவார்கள். மங்கலான வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்ளும் கெந்தியாப் பனை, 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய வரவேற்பறைகளில் இடம்பிடித்ததற்குக் காரணம் இதுவே. இது ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவைத் தாயகமாகக் கொண்டது.

நான்காவது, நீர். வளர்ச்சி குறைந்த வேர் குறைவாகவே நீரை உறிஞ்சும். கோடையில் ஊற்றிய அளவே குளிர்காலத்திலும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை மண்ணுக்குள் விட்டு, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். உரம் தேவையில்லை. வீட்டைச் சூடாக்கும் கருவி காற்றை உலர்த்துவதால் இலை நுனிகள் பழுப்பாகும், சிலந்திப்பேனும் பெருகும். சாடியைக் கருவியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இலைகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஐந்தாவது, மீண்டும் வெளியே செல்லுதல். வசந்தம் வந்ததும் சாடியை நேரே வெயிலில் வைத்தால் இலைகள் வெந்துபோகும். மங்கிய ஒளிக்குப் பழகிய இலையால் கடும் வெயிலைத் தாங்க முடியாது. முதல் இரண்டு வாரம் நிழலில், அடுத்து காலை வெயிலில், பிறகே திறந்த வெளியில் எனப் படிப்படியாகப் பழக்க வேண்டும். முற்றிலும் காய்ந்த இலைகளை மட்டுமே வெட்டலாம். மஞ்சளாகும் இலையிலிருந்து மரம் சத்துகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதை அவசரப்பட்டு வெட்டுவது மரத்தின் கையிருப்பைப் பறிப்பதாகும்.

கூரையைத் தொட்ட மரம்

இவ்வளவு கவனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பனையின் உயரத்தை வெட்டிக் குறைக்க முடியாது. உச்சியை வெட்டுவது உயிரையே வெட்டுவதாகும். சிலி நாட்டிலிருந்து 1846இல் வந்த விதையொன்று கியூ பூங்காவில் முளைத்தது. மெல்ல வளரும் அந்தப் பனை, மிதவெப்பத் தாவரங்களுக்கான கண்ணாடி இல்லத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உயர்ந்து, இறுதியில் கூரையைத் தொட்டது. அவ்வில்லத்தைச் சீரமைக்கும் பணி 2013இல் தொடங்கியது. அவ்வளவு பெரிய மரத்தை இடம் மாற்ற வழியில்லை. பலரின் வருத்தத்துக்கிடையே அது வெட்டப்பட்டது. இல்லம் 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்பது நம் பழமொழி. சிலிப் பனையை வளர்த்தவர்கள் பல தலைமுறையினர். அதை நட்டவர், அது கூரையைத் தொடுவதைப் பார்க்கவில்லை.

கண்ணாடி இல்லமும் பேராக் தோட்டங்களும்

குளிர் நாட்டின் கண்ணாடி இல்லங்களுக்கும் நம் தோட்டங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரேசிலிலிருந்து 1876இல் ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகள் கியூ பூங்காவை அடைந்தன. அவற்றில் 3,000க்கும் குறைவானவையே முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன.

செம்பனையின் கதையும் இதைப் போன்றதே. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் 1848இல் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் இரண்டு, குளிர் நாடான நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் பூங்காவிலிருந்து வந்தவை. அந்நான்கின் வழித்தோன்றல்கள் சுமத்திராவுக்கும், பின்னர் மலாயாவுக்கும் பரவின. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் உருவானது. பின்னாளில், நாட்டின் பல பகுதிகளில் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பால் மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் சில, செம்பனைக் குலை வெட்டக் கற்றுக்கொண்டன. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. தொலைதூரத்தில் காப்பாற்றப்பட்ட சில கன்றுகள், இங்கே ஒரு சமூகத்தின் வாழ்க்கையையே மாற்றின.

இன்று தமிழர்களும் குளிர் நாடுகளில் வாழ்கிறார்கள். கனடாவின் டொரோண்டோவில் சனவரி இரவுகள் சில, உறைநிலைக்கு 10 பாகைக்கும் கீழே செல்லும். அந்நகரின் ஆலன் பூங்காவில் 1910இல் கட்டப்பட்ட பனை இல்லம் ஒன்று உள்ளது. அங்குள்ள தமிழர் வீடுகளிலோ கறிவேப்பிலைச் செடி பூச்சாடியில் வளர்கிறது. கோடையில் வெளியே நிற்கும் அச்செடி, குளிர் தொடங்கியதும் சன்னலோரத்துக்கு வருகிறது. கறிவேப்பிலை பனை இனமன்று. ஆயினும் விதிகள் அவையே: குளிருக்கு முன்னே உள்ளே எடு, ஒளியைக் கொடு, நீரைக் குறை, வசந்தத்தில் மெல்லப் பழக்கு.

பத்து காஜாவில் தானாகவே தழைக்கும் ஓர் இலை, அங்கே ஒருவரின் அன்றாடக் கவனத்தால் மட்டுமே பிழைக்கிறது. மண்ணும் வெயிலும் இலவசமாகத் தருபவற்றின் மதிப்பை, அவற்றைக் கையால் தர வேண்டியிருப்பவர்களே நன்கு அறிவார்கள்.