உஷார்! கோழி ஷெட்டிலிருந்து கட்டிலுக்கு வரும் பூனை

பரமத்திவேலூர், மோகனூர், சேந்தமங்கலம், புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களே, ஆத்தூர், தலைவாசல், ஓமலூர் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களே, உங்கள் வீட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வருகிற பூனை இருக்கிறதா? அடுப்படிக்குப் போனால் அடுப்படி, திண்ணையில் உட்கார்ந்தால் மடி, படுத்தால் போர்வைக்குள் என்று ஒட்டிக்கொண்டே திரிகிறதா? காலையில் முட்டை பொறுக்க ஷெட்டுக்குப் போகும்போதும் பின்னாலேயே வருகிறதா? அப்படியென்றால் அது ஷெட்டுக்கு வருவதை இன்றே நிறுத்துங்கள். வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றட்டும். ஷெட்டு வாசலை மட்டும் அது தாண்டக் கூடாது.

பறவைக் காய்ச்சல் கோழிக்கு வரும் நோய் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பூனைக்கும் வரும். வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகள் செத்துப்போயின. மாதிரிகளைப் போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் சோதித்தபோது, எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி இருப்பது உறுதியானது. இந்தியாவில் வீட்டுப் பூனைகளிடம் இந்தக் கிருமி கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை. அதையொட்டிய நாட்களில்தான் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே நோயில் மாண்டன. புலியானாலும் பூனையானாலும் இந்த இனத்துக்கே எச்5என்1 பொல்லாத எதிரி. 2004இல் தாய்லாந்தின் சிராச்சா புலிக் காட்சிசாலையில் பச்சைக் கோழியைத் தின்ற புலிகளுக்கு நோய் கண்டது. செத்தவையும், பரவாமல் தடுக்கக் கொல்லப்பட்டவையுமாக நூற்றுக்கும் மேற்பட்ட புலிகள் போயின. 2023இல் போலந்தில் நோயுற்ற பூனைகளிடம் எடுத்த 47 மாதிரிகளில் 29இல் இந்தக் கிருமி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நம் பகுதிக்கு இதில் ஏன் கூடுதல் பயம் என்றால், கோடிக்கணக்கான கோழிகள் நெருக்கமாக வாழும் மண் இது. சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிருந்துதான் முட்டை போகிறது. ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் சாகிற செய்தி வந்தாலே நாமக்கல்லில் லாரிகளுக்கு மருந்து தெளிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பண்ணை வாசலில் டயர் நனையத் தொட்டி, ஆள் நுழையும் இடத்தில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர், காக்கை குருவி வராமல் வலை என்று எவ்வளவோ செலவு செய்கிறார்கள். இத்தனை காவலையும் பூனை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. அது கால் நனைப்பதில்லை. ராத்திரி ஏரிக்கரையில் நீர்ப்பறவையை அடித்துத் தின்றுவிட்டு, விடிவதற்குள் கூண்டுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். அங்கே செத்துக் கிடக்கிற கோழியைக் கவ்வும். அப்புறம் உங்கள் பின்னாலேயே வீட்டுக்கு வந்து, தூங்குகிற குழந்தையின் தலைமாட்டில் சுருண்டுகொள்ளும். ஷெட்டிலிருந்து கட்டில் வரைக்கும் தடையே இல்லாத பாதை அது. அந்தப் பாதையைப் போட்டுக் கொடுப்பது அதன் பாசம்தான்.

“எலித் தொல்லை தாங்கலீங்க, பூனை இல்லாட்டி தீவன மூட்டை ஒண்ணும் மிஞ்சாதுங்க” என்பார்கள் பண்ணையாட்கள். நியாயமான கவலைதான். ஆனால் எலிக்குப் பொறி வையுங்கள், தீவன அறையின் ஓட்டைகளை அடையுங்கள், சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள். எலி மருந்து வைக்கிற பண்ணையில் பூனை திரிந்தால், மருந்து தின்ற எலியைத் தின்று அதுவும் சாகும்.

இன்னொரு பழக்கத்தைச் சொல்லும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பிராய்லர் கடையில் கறி வாங்கும்போது, “பூனைக்குக் கொஞ்சம் குடல் போடுங்கண்ணா” என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து பச்சையாகவே தரையில் போடுகிறோம். பண்ணையில் செத்த கோழியையும் அப்படித்தான் பூனைக்கும் நாய்க்கும் வீசுகிறார்கள். வேண்டவே வேண்டாம். குடலோ தலையோ காலோ, நன்றாக வேகவைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். 70 டிகிரி சூட்டில் முழுக்க வெந்துவிட்டால் இந்தக் கிருமி சாகும். அதனால்தான் வெந்த முட்டையையும் வெந்த கறியையும் நாம் தாராளமாகச் சாப்பிடலாம். செத்த கோழியை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். சேர்ந்தாற்போல் பல கோழிகள் செத்தால், புதைப்பதற்கு முன்பே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். பாலும் காய்ச்சியே ஊற்றுங்கள். 2024இல் அமெரிக்காவின் டெக்சாஸில் இதே நோய்கண்ட மாடுகளின் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் பாதிக்கு மேல் செத்தன.

பூனையிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம். ஆனால் நடக்காததல்ல. 2016 கடைசியில் நியூயார்க்கின் விலங்குக் காப்பகங்களில் எச்7என்2 என்ற வேறொரு பறவைக் காய்ச்சல் பூனைகளிடையே பரவியபோது, அவற்றைக் கவனித்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கும் தொற்றியது. எச்5என்1 மனிதருக்கு வந்தால் எவ்வளவு கொடியது என்பதற்கு 2025இல் ஆந்திரத்தில் ஒரு சின்னக் குழந்தை இறந்ததே சாட்சி.

இதைப் படித்துவிட்டுப் பூனையை அடித்து விரட்டாதீர்கள். சாக்கில் கட்டி வேறு ஊர் எல்லையில் விட்டுவருவது பாவம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அது இன்னொருவர் பண்ணைக்குத்தான் போய்ச் சேரும். ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே அடைத்து வையுங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டால் ஊர் சுற்றுவது குறையும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை வருடந்தோறும் போடுங்கள்.

தினமும் காலைச் சுற்றுகிற பூனை ஒருநாள் வராவிட்டால் அதையே முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். நோய்கண்ட பூனை பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ விறகுக்குப் பின்னாலோ ஒளிந்துகொள்ளும். தின்னாது, உடம்பு காயும், மூச்சு வாங்கும். பிறகு எச்சில் வடிப்பது, தள்ளாடுவது, ஒரே பக்கமாகச் சுற்றுவது, கண் தெரியாமல் முட்டிக்கொள்வது, வலிப்பு. வெறிநோயிலும் இவற்றில் பல வரும். எந்த நோய் என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டாம். பாசத்தில் மடியில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தைகளை விலக்கி, கதவைச் சாத்திவிட்டு 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது நாமக்கல், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேளுங்கள். பண்ணையில் கோழி செத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பூனை செத்துவிட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கீறலோ கடியோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். அடுத்த பத்து நாளில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், கண் சிவப்பு என்று வந்தால், செத்த கோழியையோ நோய்ப் பூனையையோ தொட்டதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள்.